அலுவிகாரையில் ஒரு பகலுணவு

2002ஆம் ஆண்டு. போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாகி, பல்லாண்டுகள் மூடிக்கிடந்த ஏ9 பாதை மீண்டும் திறக்கப்பட்டிருந்தது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை அந்தப் பாதை நெடுகச் சென்று எழுதி வரும்படி ஆசிரியர் பணித்திருந்தார். வாடகை வான் ஒன்றில் புறப்பட்டோம். மாத்தளை நகரைத் தாண்டிச் சில நிமிடங்களில் அலுவிகாரை. அங்கே ஒரு வீட்டில் பகலுணவுக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தோம்.

அது ஏனா டி சில்வாவின் இடம். இலங்கையின் பத்திக் கலைக்குப் புத்துயிர் ஊட்டியவர் என்று கொண்டாடப்பட்டவர். இலங்கையர்களில் முதலாவதாகப் பொலிஸ் மா அதிபர் பதவியை வகித்த சேர் ரிச்சர்ட் அலுவிகாரையின் மகள். கொழும்பில் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அமைத்துக் கொடுத்த வீடு, இலங்கைக் கட்டடக் கலை வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகப் பேசப்படுவது. பின்னாளில் அவர் தந்தையின் ஊருக்கே திரும்பி, அயற்கிராமப் பெண்களைக் கொண்டு பத்திக், தையல்பூ வேலைகளை நடத்தினார். அதன் கூடவே ஒரு சமையற்கூடமும் இயங்கியது. 2015இல் அவர் மறைந்தார்.

அன்றைய மேசையில் இருந்தவற்றை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். இரண்டு வகைச் சோறு. பலாக்காய், ஈரப்பலாக்காய், பலாக்கொட்டை, வாழைப்பூ, பாகற்காய், கீரைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல், அவித்த மரவள்ளிக்கிழங்கு என்று இருபதுக்கும் மேற்பட்ட கறிகள். இறுதியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும். குடிப்பதற்கு வில்வம்பூ அவித்த நீர். பெரும்பாலானவை அந்தத் தோட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அந்தப் பருவத்தில் கிடைத்தவை.

எங்கள் சாரதி ஐம்பது வயதைக் கடந்தவர். மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எல்லாவற்றையும் விரும்பிச் சாப்பிட்டவர், மரவள்ளிக்கிழங்கை மட்டும் தொடவில்லை. "கிழங்கு பிடிக்காதா அண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"எழுவத்தி நாலுல மூணு வேளையும் இதத்தான் தின்னோம் தம்பி. எங்க சின்னத் தங்கச்சிக்கு அதுவும் கெடைக்கல" என்றார். மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

அண்மைக் காலமாக, உள்ளூரில் விளைந்ததைப் பருவமறிந்து சமைத்துப் பரிமாறும் உணவகங்கள் உலகெங்கும் நாகரிகமாகியிருக்கின்றன. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் அலிஸ் வோட்டர்ஸ் 1971இல் தொடங்கிய உணவகத்தை அதன் முன்னோடியாகச் சொல்வார்கள். கொழும்பு ஹோட்டல்களும் இன்று அதே மொழியைப் பேசுகின்றன. அவற்றைப் பற்றி வாசிக்கும் போதெல்லாம் அந்தச் சாரதி ஒதுக்கிய கிழங்கு என் நினைவுக்கு வருகிறது. உள்ளூர் உணவு என்பது ஒருவருக்கு விருப்பத் தெரிவு. மற்றொருவருக்கு வேறு வழியற்ற நிலை. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளக்க அலுவிகாரையைப் போல் பொருத்தமான ஊர் வேறில்லை.

இந்த ஊர் உலகப் புகழ் பெற்றதற்கே ஒரு பஞ்சம்தான் பின்னணி. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் அரசுரிமையை இழந்து மலைநாட்டில் ஒளிந்திருந்தான். அனுராதபுரத்தைத் தமிழ்த் தலைவர்கள் ஐவர் அடுத்தடுத்து ஆண்டனர் என்கிறது மகாவம்சம். போரும் கலகமும் வறட்சியும் ஒன்றுசேர்ந்த அந்தக் காலத்துப் பெரும் பஞ்சத்தைச் சிங்கள மரபு 'பெமினிதியாசாய' என்று நினைவுகூர்கிறது. பிக்குமார் பலர் கடல் கடந்து சென்றனர். எஞ்சியோர் இலையும் கிழங்கும் உண்டு, மனத்தில் சுமந்த திரிபிடகத்தை ஓதிக் காத்தனர். ஒரு நூல் ஒரே ஒரு பிக்குவின் நினைவில் மட்டும் எஞ்சியிருந்தது என்றும் ஒரு மரபுக்கதை உண்டு. ஓதுபவர் பசியால் இறந்தால் ஓதப்படுவதும் இறந்துபோகும் என்ற அச்சமே, வாய்மொழியாக வந்த நூல்களை ஓலையில் எழுத வைத்தது. மகாவம்சம் இடத்தின் பெயரைக் கூறவில்லை. பிற்கால மரபு அதை அலுவிகாரைக் குகைகள் என்று உறுதியாகச் சொல்கிறது.

பஞ்சமில்லாத காலத்தில் கண்டி நாட்டு மக்களைக் காத்தது அவர்களது வீட்டுத் தோட்டம். தென்னை, கமுகு, பலா, கித்துள், அவற்றில் படரும் மிளகுக்கொடி, அடியில் மஞ்சளும் இஞ்சியும் கிழங்குகளும் என்று அடுக்கடுக்காக வளரும் தோட்டம் அது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசனின் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், ஏழை மக்களுக்குப் பலா எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். சிங்களவர் பலாவைச் 'சோற்று மரம்' என்ற பொருளில் 'பத் கஸ்' என்பர். 1951ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, இன்றும் அனுமதியின்றி ஒரு பலாமரத்தை வெட்ட முடியாது.

காப்பியும் முதலில் இந்த வீட்டுத் தோட்டத்துச் செடியாகத்தான் இருந்தது. அதன் பூவை விகாரையில் காணிக்கையாக வைத்தனர். இளம் இலையைக் கறிக்குப் பயன்படுத்தினர். கொட்டையை வறுத்துக் குடிக்கும் வழக்கம் பரவியிருக்கவில்லை. 1830களின் பின்னர் ஆங்கிலேயர் அதே செடியை ஏற்றுமதிப் பயிராக்கினர். 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசுடைமையாக்கித் தோட்டத்துரைமாருக்கு வழிவிட்டது. அதிருப்தியும் புதிய வரிகளும் சேர்ந்து 1848இல் மாத்தளைக் கிளர்ச்சியாக வெடித்தன. அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கியபோது அலுவிகாரையின் பழைய ஓலைச்சுவடிகளும் அழிந்தன என்பது விகாரையின் வரலாறு.

அதே ஆண்டுகளில்தான் நம்மவர்கள் இந்தப் பாதையில் நடந்து வந்தார்கள். மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பகுதிகளில் பஞ்சம் துரத்த, மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காடுகள் வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியில் எத்தனை பேரைக் கொண்டுபோயின என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. பிழைத்து வந்தவர்கள், தெற்கே நடந்த கடைசி நாட்களில் அலுவிகாரைக் குன்றைக் கடந்துதான் சென்றிருப்பார்கள்.

வந்தவர்களுக்கு உண்ணக் கிடைத்தது இந்தத் தோட்டங்களின் பலாவும் கீரையும் அல்ல. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த அரிசியே. அதன் விலை சம்பளத்தில் கழிக்கப்பட்டது. ஒரு பக்கம் தன் மண்ணில் விளைந்ததை உண்ட கிராமம். மறுபக்கம் உண்ண முடியாத பயிரை விளைவித்து, கடல் கடந்து வந்ததை உண்ட தோட்டம். 1869இல் காப்பி இலையில் பூஞ்சண நோய் தோன்றி அந்தப் பயிரையே அழித்தது. தேயிலையும் கொக்கோவும் இறப்பரும் வந்தன. லயன் அறைகளும் கணக்கில் கழிக்கப்பட்ட அரிசியும் மாறவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலானோரின் குடியுரிமையையும் பறித்தது.

அந்த ஏற்பாட்டின் கொடுமை 1970களில் வெளிப்பட்டது. அந்நியச் செலாவணி வற்றியது. உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் எண்ணெயும் விலையேறின. அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, உள்ளூரில் விளைந்ததையே உண்ணுங்கள் என்றது. பங்கீட்டு அரிசி குறைந்தது. குறித்த அளவுக்கு மேல் அரிசி கொண்டுசெல்பவரை வீதித் தடைகளில் நிறுத்திப் பொதியைப் பிரித்துப் பார்த்தார்கள். பெர்க்லியில் ஒரு பெண்மணி உள்ளூர்க் கீரையைத் தேடி உணவகம் தொடங்கிய அதே சில ஆண்டுகளுக்குள், இங்கே உள்ளூர் உணவு அரச ஆணையாக வந்தது.

இதில் ஒரு நேர்மையான கணக்கும் சொல்லவேண்டும். மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாண, வன்னி விவசாயிகள் அக்காலத்தில் தலைநிமிர்ந்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பெருமையோடு பேசக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் அதே கொள்கை, சொந்தமாக ஒரு பாத்தி மண்கூட இல்லாத தோட்டத் தொழிலாளியை என்ன செய்தது என்று எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை. கிராமத்தவனிடம் பலாமரம் இருந்தது. லயத்தில் இருந்தவனிடம் பங்கீட்டுப் புத்தகம் மட்டுமே இருந்தது. 1974இல் தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்ததை அரச புள்ளிவிவரங்களே காட்டின. அந்த எண்ணுக்குள்தான் எங்கள் சாரதியின் சின்னத் தங்கையும் இருந்தாள்.

பசியும் 1977 வன்செயலும் துரத்த, தோட்டக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்று காடு வெட்டிக் குடியேறின. பாட்டன்மார் தெற்கு நோக்கி நடந்த அதே வழியில் பேரப்பிள்ளைகள் வடக்கு நோக்கிப் போனார்கள். அங்கே போர் அவர்களுக்காகக் காத்திருந்தது.

ஆணையிட்டு உணவை மாற்ற முடியும் என்ற எண்ணம் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே இரவில் தடைசெய்யப்பட்டு, நாடு முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாறவேண்டும் எனப்பட்டது. நெல் விளைச்சலும் தேயிலையும் வீழ்ந்தன. நவம்பரில் தடை விலக்கப்பட்டபோது காலம் கடந்திருந்தது. இயற்கை வேளாண்மை தவறென்று இதற்குப் பொருளல்ல. பயிரிடுபவரைக் கேளாமல் அவரது தட்டில் கைவைத்ததே தவறு.

இதற்கு மாறான ஒரு காட்சியும் உண்டு. கண்டிக்கு அருகே கன்னொறுவையில் விவசாயத் திணைக்களத்தின் 'ஹெல போஜுன்' நிலையத்தில், கிராமப் பெண்கள் உள்ளூர்த் தானியங்களாலும் கிழங்குகளாலும் சிற்றுண்டி செய்து தாங்களே விற்கிறார்கள். வடக்கே, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அதே திட்டம் 'அம்மாச்சி' என்ற பெயரில் நடக்கிறது. வடக்கில் சிங்களப் பெயர் வேண்டாம் என்று மாகாண நிர்வாகம் நின்று பெற்ற பெயர் அது. பிட்டும் தோசையும் இலைக்கஞ்சியும் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. சமைப்பவர்கள் தாங்களே உழைத்துத் தாங்களே வருமானம் பெறுகிறார்கள். தோட்டப் பெண்களுக்கும் இத்தகைய ஓர் இடம் வேண்டும். அதற்கு முன்னர் அவர்களுக்கு நிலம் வேண்டும். தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றின் கையில் இன்றும் காணி உறுதி இல்லை.

ஏனா டி சில்வாவின் மேசையைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. அயலூர்ப் பெண்களின் கைத்திறனுக்கு அவர் கொடுத்த மதிப்பு பெரிது. உண்ட சுவையும் இன்னும் நாவில் நிற்கிறது. குறை என்னுடையது. அன்று பத்திரிகைக்கு நான் அனுப்பிய கட்டுரையில் கறிகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதினேன். என் அருகில் அமர்ந்து உண்டவர் ஒதுக்கி வைத்த கிழங்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உணவுக் கட்டுரைக்கு அது பொருந்தாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சாரதி இன்று உயிரோடில்லை. நினைவில் வைத்திருந்தவர் போய்விட்டால் நினைவும் போய்விடும் என்று அஞ்சி எழுதத் தொடங்கிய ஊர் அலுவிகாரை. அங்கே கேட்ட ஒரு செய்தியை இத்தனை ஆண்டுகள் எழுதாமல் வைத்திருந்தேன். அன்று விடுபட்ட வரியை இன்று இங்கே சேர்த்துவிட்டேன்.