சேலா கணவாயில் ஒரு பறவை நாள்: திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்!

கிராண்டாலா என்று ஒரு பறவை இருக்கிறது. நம்மூர் மைனா அளவுதான் இருக்கும். ஆண் பறவைக்கு இறக்கையும் வாலும் கறுப்பு, மற்றபடி உடம்பு முழுக்கப் பளபளக்கும் கருநீலம். தனியாக வருவதைவிடக் கூட்டமாக வருவதுதான் அதிகம். மரம் வளராத உயரத்தில், பாறைச் சரிவுகளில் வாழும் இந்தப் பறவையைத் தேடி இந்தியப் பறவை ஆர்வலர்கள் போகும் இடங்களில் முக்கியமானது, அருணாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் சேலா கணவாய்.

மேற்கு காமெங், தவாங் மாவட்டங்களுக்கு இடையே, 4,170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சேலா. தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். அதாவது, தொட்டபெட்டாவைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். கடல் மட்டத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் சுமார் 60 சதவிகிதம்தான் அங்கே கிடைக்கும். ‘லா’ என்றால் திபெத்திய மொழியில் கணவாய் என்றே அர்த்தம். ஆக, ‘சேலா கணவாய்’ என்று நாம் சொல்வது, ‘நடு சென்டர்’ என்பதைப்போலத்தான்!

இந்த உயரத்துக்குக் காலையில் ஏறி, பறவைகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் இறங்கிவிடலாம். ஆனால், ‘எத்தனை மணிக்குக் கிளம்பணும்’ என்று திட்டம் போடுவதற்கு முன்னால், ‘எத்தனை மணிக்குத் திரும்பணும்’ என்று முடிவுசெய்துவிடுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

எங்கே தங்குவது?

இந்தப் பயணத்துக்குச் சரியான இடம் திராங். ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர். மோன்பா மக்கள் வாழும் பகுதி. உயரம் சுமார் 1,500 மீட்டர், கிட்டத்தட்ட ஏற்காடு மாதிரிதான். இங்கிருந்து சேலா சுமார் 60 கிலோமீட்டர். எங்கேயும் நிறுத்தாமல் போனாலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சென்னையிலிருந்து குவாஹாத்திக்கு விமானத்தில் போய், அங்கிருந்து காரில் தேஜ்பூர், பாலுக்போங், பொம்டிலா வழியாகத் திராங்கை அடையலாம். ஒரே நாளில் ஓட்டிவிட முடியும்தான். ஆனால், நாள் முழுக்க மலைப்பாதையில் குலுங்கி வந்தவர், மறுநாள் அதிகாலையில் 4,170 மீட்டருக்கு ஏறுவது உடம்புக்கு நல்லதல்ல. வழியில் தேஜ்பூரிலோ பாலுக்போங்கிலோ ஓர் இரவு தங்கி, திராங்கில் குறைந்தது இரண்டு இரவுகளைக் கழித்துவிட்டு மேலே போங்கள். அந்த இடைப்பட்ட நாளும் வீணாகாது. ஆற்றோரம் நடந்தால், ஓடும் தண்ணீருக்குள் மூழ்கி இரை தேடும் பிரௌன் டிப்பர், பாறைக்குப் பாறை தாவும் வெள்ளைத் தொப்பி ரெட்ஸ்டார்ட் ஆகியவற்றைப் பார்க்கலாம்.

அனுமதிச் சீட்டு

மற்ற மாநிலத்தவர் அருணாச்சலப் பிரதேசத்துக்குள் நுழைய ‘இன்னர் லைன் பெர்மிட்’ தேவை. 1873-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து தொடரும் நடைமுறை இது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். கையில் இரண்டு பிரின்ட் அவுட், ஒரிஜினல் அடையாள அட்டை இரண்டும் இருக்கட்டும். மாநில எல்லையில் இருக்கும் சோதனைச் சாவடியில் கேட்பார்கள். அங்கே மொபைலில் நெட்வொர்க் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

டிரைவரிடம் முதல் நாளே சொல்ல வேண்டியது

2024 மார்ச்சில் சேலா சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. பனிக்காலத்திலும் தவாங்குக்குப் போக்குவரத்து தடைபடாமல் இருக்க அமைக்கப்பட்ட பாதை அது. இப்போது தவாங் போகிறவர்கள் கணவாயின் உச்சியைத் தொடாமலே மலையைக் கடந்துவிடலாம். நமக்கு இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. உச்சியில் வண்டிச் சத்தம் குறைந்தால் பறவைகளுக்கு நிம்மதி. ஆனால், டிரைவர் பழக்கத்தில் சுரங்கப்பாதைக்குள் விட்டுவிட்டால், நீங்கள் பார்க்க வந்த இடத்துக்குக் கீழேயே போய்விடுவீர்கள்.

அதனால், ‘பழைய ரோட்டில் உச்சிக்குப் போகணும், வழியில பத்து இடத்துலயாவது நிறுத்தணும்’ என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பழைய சாலை திறந்திருக்கிறதா, பனியோ மண்சரிவோ இருக்கிறதா என்று திராங்கில் விசாரித்துக்கொள்ளுங்கள். டேங்க் நிறைய எரிபொருளும் முதல் நாள் மாலையே போட்டுவிட வேண்டும்.

எந்த மாதம்?

ஏப்ரல், மே மாதங்கள் மிகச் சிறந்தவை. ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும். இனப்பெருக்கக் காலம் என்பதால் பறவைகள் பாடும். அக்டோபர், நவம்பரில் வானம் தெளிவாக இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உச்சியில் இருக்கும் சேலா ஏரியே உறைந்துவிடும். சாலையில் கண்ணாடிபோலப் படியும் பனியில் வண்டி வழுக்கும்.

இன்னொரு விஷயம், சூரியன். நாட்டின் கிழக்கு ஓரம் என்பதால், மே மாதத்தில் காலை நாலரை மணிக்கே விடிந்துவிடும். நவம்பரில் மாலை நாலரைக்கே இருட்டத் தொடங்கும். நம்மூர்க் கணக்கில் ‘ஆறு மணிக்குக் கிளம்பலாம்’ என்று நினைத்தால், பறவை பார்க்கும் நாளின் சிறந்த பகுதி அதற்குள் போயிருக்கும்.

உயரத்துக்கு ஒரு பறவை

இமயமலையில் பறவைகள் மாடி வீட்டுக் குடித்தனக்காரர்கள் மாதிரி. ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு ஆட்கள். 2009-ல் மேற்கு அருணாச்சலப் பிரதேசத்தின் மலைகளில் பெர் ஆல்ஸ்ட்ரோம், சஷாங்க் தல்வி உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். ஒரே இனம் என்று கருதப்பட்டுவந்த ஒரு த்ரஷ் பறவை, ஊசியிலைக் காட்டில் இனிமையாகப் பாடியது. அதற்கு மேலே, மரமில்லாத பாறைப் பகுதியில் இருந்ததோ கரகரத்த குரலில் பாடியது. தொடர்ந்து நடந்த ஆய்வில் இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று உறுதியானது. காட்டில் பாடியதற்கு 2016-ல் ‘இமாலயன் ஃபாரஸ்ட் த்ரஷ்’ என்று பெயர் சூட்டினார்கள். அதன் அறிவியல் பெயரில் இருப்பது, பறவையியலாளர் சாலிம் அலியின் பெயர். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்ததைக் காதும் உயரமும் பிரித்துக்காட்டின.

உங்கள் திட்டத்துக்கும் இதுதான் அடிப்படை. நேராக உச்சிக்கு ஓடினால் நடுவில் இருக்கும் தளங்கள் எல்லாம் போய்விடும்.

ஏப்ரல், மே மாதத்துக்கான கால அட்டவணை

காலை 3.45: திராங்கிலிருந்து புறப்பாடு. பிஸ்கட், வாழைப்பழம், ஃபிளாஸ்க்கில் டீ. வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம்.

5.00 - 7.30: சுமார் 3,000 மீட்டரை ஒட்டிய ஊசியிலை, ரோடோடெண்ட்ரான் காடு. சாலையோரத்தில் மெதுவாக நடங்கள். பிளட் ஃபெசண்ட், இமாலய மோனால் போன்ற தரைப்பறவைகள் வண்டிகள் அதிகம் வராத அதிகாலையில்தான் வெளியே வந்து மேயும். பூத்த ரோடோடெண்ட்ரான் இருந்தால் ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். தேன் குடிக்க ஃபயர்-டெய்ல்டு சன்பேர்டும், பச்சை நிறக் குட்டிப் பறவையான மைசோர்னிஸும் வரக்கூடும். மைசோர்னிஸுக்கும் மைசூருக்கும் சம்பந்தமில்லை!

7.30 - 9.30: காலை உணவு. பிறகு, மரங்கள் குட்டையாகிப் புதர்களாக மாறும் பகுதி. குரோஸ்பீக், புல்ஃபின்ச், லாஃபிங் த்ரஷ் வகைகளைத் தேடலாம்.

9.30 - 11.00: உச்சியும் ஏரிக்கரையும். கிராண்டாலா, வெண்கழுத்துடைய பனிப்புறா, ஆல்பைன் ஆக்சென்டர், பாறைகளுக்கு இடையில் ஸ்னோ பாட்ரிட்ஜ் ஆகியவற்றைத் தேடுங்கள். வானத்தையும் விடாதீர்கள். எலும்பை உயரத்திலிருந்து பாறைமேல் போட்டு உடைத்துத் தின்னும் லாமர்கையர் கழுகு வட்டமிடலாம். திறந்தவெளிப் பறவைகள் என்பதால், கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பார்த்துவிடலாம். காட்டுக்கு முதல் நேரம், உச்சிக்கு இரண்டாம் நேரம் என்று வைத்ததற்குக் காரணம் இதுதான்.

11.00: திரும்பிவிடுங்கள். கிராண்டாலா வந்ததா, வரலையா என்பதெல்லாம் இந்த நேரத்தை மாற்றக் கூடாது. மதியத்துக்கு மேல் மேகம் ஏறி வந்து சாலையை மூடுவது இங்கே சாதாரணம். முன்னால் போகும் லாரியே தெரியாத மூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஆபத்து.

தலைவலி வந்தால் பறவை வேண்டாம்

மேகத்தைவிட முக்கியமான காரணம், உடம்பு. 2,500 மீட்டருக்கு மேல் போகும் யாருக்கும் மலை உயர நோய் வரலாம். வயது, உடற்பயிற்சி, மன தைரியம் எதுவும் இதற்குக் கவசமல்ல. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் வரும். ஒரு நாள் பயணத்தில் இருக்கும் பெரிய நன்மை, இரவு மீண்டும் 1,500 மீட்டருக்கு வந்து தூங்குகிறோம் என்பது. உயரத்தில் தங்கத் தங்கத்தான் சிக்கல் வலுக்கும். சரியான நேரத்தில் இறங்கினால்தான் அந்த நன்மை கிடைக்கும்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசாதாரணச் சோர்வு... இவற்றில் எது வந்தாலும், ‘தூக்கம் பத்தலை, அதனாலதான்’ என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். மேலே ஏறுவதை நிறுத்தி, கீழே இறங்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு 500 முதல் 1,000 மீட்டர் இறங்கினாலே தெளிந்துவிடும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு மேலே தொடர்வது தவறு. அது அறிகுறியை மறைக்குமே தவிர, பிரச்னையைத் தீர்க்காது. கையடக்க ஆக்சிஜன் கேனும் இறங்குவதற்கு மாற்று அல்ல. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே இறங்கி, மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். உயரத்துக்கான முன்தடுப்பு மாத்திரையையும் டாக்டர் சொல்லாமல் போட வேண்டாம். முதல் நாள் இரவு மது வேண்டவே வேண்டாம்.

உச்சியில் பலர் செய்யும் தவறு, பறவையைத் துரத்தி மேட்டில் ஓடுவது. ஐம்பது மீட்டர் ஓடினாலே அங்கே நெஞ்சு படபடக்கும். பறவையும் பறந்துவிடும். உட்கார்ந்து காத்திருங்கள். கூட வருபவர்களிடம் அரை மணிக்கு ஒருமுறை, ‘தலை வலிக்குதா?’ என்று கேளுங்கள். நமக்காகப் பயணம் நின்றுவிடக் கூடாதே என்று வலியை வெளியில் சொல்லாமல் இருப்பவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு.

பையில் இருக்க வேண்டியவை

* 8x42 பைனாகுலர். காட்டின் அதிகாலை வெளிச்சத்துக்கும் இது போதும்.
* மெர்லின் ஆப். அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை ஊரிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள்.
* கூடுதல் பேட்டரி. குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும் என்பதால் உள் பாக்கெட்டில் வைத்திருங்கள்.
* ஒரே தடித்த ஸ்வெட்டருக்குப் பதிலாக மூன்று அடுக்கு உடைகள், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், கையுறை, காதை மூடும் குல்லா.
* கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன். குளிர்ந்தாலும் வெயில் தோலைச் சுட்டுவிடும்.
* ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை.

பறவையை வரவழைக்க, பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிடாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில், எதிரி வந்துவிட்டதாக நினைத்து அது கூட்டை விட்டு வந்து அலையும். இது எல்லைப் பகுதி என்பதால் ராணுவ முகாம்கள், வாகனங்கள், பாலங்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

கிராண்டாலா வராத நாள்களும் உண்டு. அப்படி ஒரு நாளில் மணி பதினொன்றாகும்போது, ‘இன்னும் அரை மணி நேரம் பார்க்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். நீங்களேகூடச் சொல்லலாம். அதனால்தான் முதல் நாள் இரவே நேரத்தைப் பேசி முடித்துவிட்டு, டிரைவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். பதினொன்றானதும் அவர் ஹாரன் அடிக்காமல் வந்து கூப்பிட்டால் போதும். மறுபேச்சு இல்லாமல் வண்டியில் ஏறிவிடுங்கள்.