ஓ139 காலரா

ஓ139 என்பது காலரா நோயை உண்டாக்கும் விப்ரியோ காலரே நுண்ணுயிரின் ஒரு வகை. 1992ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் சென்னையில் (அன்றைய மதராஸ்) பரவிய காலராவில் இது முதன்முதலாக வெளிப்பட்டது.

விப்ரியோ காலரே நுண்ணுயிரை அதன் மேற்பூச்சிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைக் கொண்டு வகை பிரிப்பது வழக்கம். 1992 வரை கொள்ளைநோயாகப் பரவியது ஓ1 என்ற ஒரே வகைதான். சென்னையில் கிடைத்த கிருமியோ ஓ1 வகைக்குரிய சோதனை மருந்தில் திரளவில்லை. அறியப்பட்டிருந்த 138 வகைகளில் எதனோடும் அது ஒத்துப்போகாததால் 139 என்ற எண் பெற்றது. வங்காள விரிகுடாக் கரையோரம் பரவியதால் 'ஓ139 பெங்கால்' என்று பெயரிட்டனர். வங்காளத்தில் தோன்றியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

காலரா நெடுங்காலம் நிலவும் ஊர்களில் பெரும்பாலும் குழந்தைகளே பாதிக்கப்படுவர். பெரியவர்களுக்கு முன்பே எதிர்ப்பாற்றல் வந்திருக்கும். இம்முறை பெரியவர்களே அதிகம் படுத்தனர். ஓ1 காலரா தந்த பாதுகாப்பு இதனிடம் செல்லவில்லை. வங்கதேசத்தில் 1993 மார்ச்சுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். எட்டாவது உலகக் கொள்ளைநோய் தொடங்கிவிட்டதென அறிஞர்கள் அஞ்சினர்.

மரபணு ஆய்வு வேறொன்றைக் காட்டியது. இது புதிய கிருமியே அல்ல. 1961இல் இந்தோனேசியாவிலிருந்து கிளம்பிய ஏழாவது கொள்ளைநோயின் எல் டோர் வகைதான். ஓ1 மேற்பூச்சை உருவாக்கும் மரபணுத் தொகுதி மட்டும் கழன்று, வேறொரு விப்ரியோவிடமிருந்து வந்த தொகுதி அவ்விடத்தில் அமர்ந்திருந்தது. ஆள் பழைய ஆள், சட்டை மட்டும் புதிது. கூடவே ஓர் உறையும் சேர்ந்திருந்தது.

காலரா நஞ்சும் இப்படி வெளியிலிருந்து வந்ததே. 1959இல் கொல்கத்தாவில் சம்பு நாத் டே முயலின் குடலில் சோதித்துக் கண்டறிந்த அந்த நஞ்சின் மரபணுவை, நுண்ணுயிரைத் தொற்றும் ஒரு வைரஸ் சுமந்து வருகிறது என்று வால்டோர், மெக்கலனோஸ் இருவரும் 1996இல் காட்டினர். நியாயமாக டேக்குக் கிடைத்திருக்க வேண்டிய புகழ் மிகத் தாமதமாகவே வந்தது.

சென்னையில் எடுத்த எம்ஓ10 என்ற மாதிரியில் எஸ்எக்ஸ்டி என்னும் நகரும் மரபணுத் துண்டும் கிடைத்தது. சல்ஃபா, டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துகளைத் தாங்கும் திறனை இது தருகிறது. டெட்ராசைக்ளின் அப்போது வேலை செய்தது. உப்பு சர்க்கரைக் கரைசலுக்கோ கிருமியின் வகை ஒரு பொருட்டல்ல.

அஞ்சிய உலகப் பரவல் நிகழவில்லை. 1994இல் ஓ1 எல் டோர் மீண்டும் தலையெடுத்தது. அப்படித் திரும்பிய ஓ1 கிருமிகளிலும் எஸ்எக்ஸ்டி துண்டு இருந்தது.