ஃபோர் வீல் கம்பியும் கண்மாய்க் கரையும்

பதிவு கொஞ்சம் நீளம். டிராக்டர் வைத்திருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள்.

போன கார்த்திகையில் எங்கள் குடும்பத்துக்கு வர இருந்த ஒரு பெரிய துக்கம் வாசலோடு திரும்பிப் போனது. தம்பி மகன் சின்ன டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறான், நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. டிரெய்லரில் எரு ஏற்றிக்கொண்டு கண்மாய்க் கரைச் சரிவில் இறங்கியிருக்கிறான். முதல் நாள் மழையில் செவல் மண் வழுவழுவென்று கிடந்தது. பிரேக்கை மிதித்தான். பின்சக்கரங்கள் நின்றன, வண்டி நிற்கவில்லை. சறுக்கிக்கொண்டே போய் வரப்பில் முட்டி நின்றது. டிரெய்லர் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. குலதெய்வம் காத்தது.

மாலையில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் வந்து வண்டியைப் பார்த்தார். இப்போது டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறார்.

"தம்பி, இறங்கும்போது ஃபோர் வீல் போட்டிருந்தியா?"

"இல்லண்ணே. இறக்கம்தானே, இழுவை எதுக்கு?"

"காரைக்குடி ரோட்டுல போகும்போது?"

"போட்டுக்குவேன். பிடிப்பா இருக்கும்ல."

அவர் முன் டயரைத் தடவிப் பார்த்தார். பட்டைகள் பாதி தேய்ந்திருந்தன. "சார், தம்பி எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணிருக்கு" என்றார்.

பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வண்டி எங்கே, எதற்காகப் பிறந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் கம்பியை எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்பது தானே விளங்கிவிடும்.

1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாசே பெர்குசன் கூட்டுறவோடு செம்பியத்தில் டிராக்டர் செய்தது. நம் ஊர்களில் நாம் முதலில் பார்த்த டிராக்டர்கள் பெரும்பாலும் இரண்டு சக்கர இழுவைதான். பின்னால் பெரிய சக்கரம், முன்னால் சின்னச் சக்கரம். பின்சக்கரம் மட்டுமே இழுக்கும், முன்சக்கரம் திருப்புவதற்கு மட்டும்.

அதற்குக் காரணம் உண்டு. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் 1930களில் மூன்று புள்ளி இணைப்பை நிலைநாட்டினார். அதில் கலப்பை மண்ணைக் கிழிக்கும்போது உண்டாகும் இழுப்பே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். ஈரப்பதம் சரியாக உள்ள புழுதி உழவுக்கு அது போதும். கனடாவின் மாசே ஹாரிஸ் நிறுவனம் 1930-இலேயே நான்கும் சம அளவான, நான்கும் இழுக்கும் டிராக்டரைச் செய்து பார்த்தது. அது பெரிதாக விலைபோகவில்லை. 1953-இல் இந்த இரண்டு நிறுவனங்களும் ஒன்றாயின. நமக்கு வந்து சேர்ந்தது பெர்குசன் வழி.

நான்கு சக்கர இழுவை சின்ன டிராக்டரில் வேரூன்றியது ஜப்பானில். அங்கே வயல்கள் சின்னவை, நெல்லுக்கு ஆழமான சேறு. கனமான வண்டியை இறக்கினால் புதைந்துவிடும். வண்டி இலேசாக இருந்தால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. ஆகவே முன்சக்கரத்தையும் இழுக்க வைத்தார்கள். 1970களில் குபோட்டா போன்ற நிறுவனங்கள் இப்படிப்பட்ட சின்ன வண்டிகளைப் பரவலாக விற்றன. பின்னர் பெங்களூரின் வி.எஸ்.டி. நிறுவனம் ஜப்பானின் மிட்சுபிஷி கூட்டுறவோடு இவ்வகை வண்டியை இந்தியாவில் செய்தது. குபோட்டாவின் இந்திய நிறுவனம் 2008-இல் சென்னையில் தொடங்கியது. இன்று தென்னைக்கும் வாழைக்கும் இடையே ஓடுவது இந்தப் பரம்பரைதான்.

ஆக, இது சேற்றில் பிறந்த பிள்ளை. ஃபோர் வீல் போட்டால் எஞ்சினின் குதிரைத்திறன் கூடிவிடாது. இருக்கிற பலத்தை நான்கு இடத்தில் மண்ணில் ஊன்றுகிறது, அவ்வளவுதான்.

இனி தார்ச்சாலைக்கு வருவோம். முன்சக்கரம் சின்னது. அது பின்சக்கரத்தைவிட ஒரு சில சதவீதம் முந்தி ஓடும்படி பல்சக்கரக் கணக்கு வைத்திருப்பார்கள். ஒரே நுகத்தில் ஒரு மாடு எட்டி நடப்பது போல. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்க இடமில்லை. முறுக்கம் முழுவதும் டயருக்கும் பல்சக்கரத்துக்கும் போகும். வளைவில் இன்னும் மோசம். முறுக்கம் ஏறிவிட்டால் கம்பி வெளியே வராது. அப்போது கம்பியோடு மல்லுக்கட்டாதீர்கள். வண்டியைக் கொஞ்சம் பின்னால் எடுங்கள், முறுக்கம் தளர்ந்து கம்பி தானாக வரும். அதேபோல் டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். அளவு மாறினால் கணக்கும் மாறிவிடும்.

சரிவுக்கு இதற்கு நேர்மாறான விதி. பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமும் தண்டு வழியாகப் பின்சக்கரத்தோடு பிணைந்துவிடும். பிரேக்கும் எஞ்சினும் நான்கையும் பிடிக்கும். அதனால் இறங்கத் தொடங்கும் முன்பே, மேலே நிறுத்திக் கம்பியைப் போடுங்கள். தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பாதி வழியில் கிளட்ச்சை மிதிக்கவோ நியூட்ரல் ஆக்கவோ கூடாது. இரண்டு பிரேக் மிதியையும் கொக்கி போட்டு இணைத்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழன்றுவிடும். இவ்வளவு செய்தாலும் பாரம் அளவாக இருக்கட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளினால் நான்கு சக்கரமும் தோற்கும்.

நான்கு சக்கரம் இருக்கிறதே என்று கண்மாய் உள்வாயிலும் இறக்கிவிடாதீர்கள். இரண்டு சக்கர வண்டி சீக்கிரமே மாட்டி நம்மை எச்சரித்துவிடும். நான்கு சக்கர வண்டி நடுச்சேறுவரை கூட்டிக்கொண்டு போய் அங்கே மாட்டும். இழுத்து வெளியே போட இன்னொரு வண்டி வேண்டும்.

தம்பி மகன் இப்போது மட்கார்டில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறான்: "சேறு, சரிவு: போடு. தார்: எடு." எழுத்து கோணல்தான். நான் திருத்தவில்லை.

உங்கள் வீட்டில் வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள், நானும் கற்றுக்கொள்கிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.