காய்ச்சலோடு வரும் இரண்டு வலிப்புகள்

குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. திடீரென்று கண் மேலே செருகி, கைகால் வெட்டி இழுக்கிறது. வாயோரம் நுரை தள்ளுகிறது. இந்தக் காட்சியை மட்டும் வைத்து எந்த மருத்துவராலும் நோய் இன்னதென்று சொல்லிவிட முடியாது. சில நிமிடங்களில் ஓய்ந்துபோகும் காய்ச்சல் வலிப்பும் இப்படித்தான் தொடங்கும். உயிரையே பறிக்கக்கூடிய மூளைக்காய்ச்சலும் இப்படித்தான் தொடங்கலாம். இரண்டிலும் பெரும்பாலும் ஒரு வைரஸ் இருக்கும், இரண்டிலும் அழற்சி இருக்கும். அந்த அழற்சி எங்கே நடக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

ஊரில் ஜன்னி என்று சொல்லும் காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயதுக்குள் வருவது. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேர் வரை இதைச் சந்திக்கிறார்கள். ஜப்பானில் இன்னும் அதிகம். சளி, இன்ஃப்ளூயன்சா என்று சாதாரண வைரஸ்களே இதைத் தூண்டிவிடும். அவற்றில் முக்கியமானது மனித ஹெர்ப்பிஸ் வைரஸ்-6. 1986-இல் கண்டறியப்பட்ட இந்த வைரஸ்தான் ரோசியோலா நோய்க்குக் காரணம் என்பது 1988-இல் ஜப்பானில் உறுதியானது. மூன்று நாள் கடும் காய்ச்சல் அடித்து, விட்டதும் உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாய்த் தடிக்குமே, அந்த நோய். நெடுநேரம் நீடித்த காய்ச்சல் வலிப்பு கண்ட குழந்தைகளை அமெரிக்காவில் ஆராய்ந்த ஃபெப்ஸ்டாட் குழு, ஏறக்குறைய மூன்றில் ஒருவரின் ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்ததாக 2012-இல் வெளியிட்டது.

ரத்தத்தில் வைரஸ் இருந்தாலும், இத்தகைய குழந்தைகளின் முதுகுத்தண்டு நீரைச் சோதித்தால் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். வைரஸ் மூளையைத் தாக்குவதில்லை. அதை எதிர்க்கும் உடலின் சமிக்ஞைதான் மூளையை எட்டுகிறது. இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற புரதம் காய்ச்சலையும் உண்டாக்குகிறது, நரம்பணுக்களின் கிளர்ச்சியையும் கூட்டுகிறது. அதை ஏற்கும் வாங்கி இல்லாத எலிகளுக்குச் சூட்டில் அவ்வளவு எளிதில் வலிப்பு வரவில்லை என்று டல்லி பாரம், அன்னமரியா வெஸ்ஸானி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-இல் காட்டினார்கள். சமிக்ஞை அடங்கியதும் மூளையும் அடங்கிவிடுகிறது. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கே பின்னாளில் கால்கை வலிப்பு வருகிறது.

மூளைக்காய்ச்சல் வகைகளில் ஒன்றான ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் கதை வேறு. இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில். நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கு நாரைகளிடமிருந்தும் வைரஸை எடுத்துவந்து குழந்தையைக் கடிக்கிறது. கடிபட்ட பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலருக்கு வைரஸ் மூளைக்குள்ளேயே புகுந்து, தலாமஸ் போன்ற ஆழமான பகுதிகளின் நரம்பணுக்களில் பெருகுகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா விழித்தெழுந்து, அதே இன்டர்லூக்கின் வகைப் புரதங்களைக் கொட்டுகின்றன. ரத்தத்திலிருந்தும் அழற்சிச் செல்கள் வந்து சேர்கின்றன; மூளை வீங்குகிறது. காய்ச்சல் வலிப்பில் தானாக அடங்கிப்போன அழற்சி, இங்கே நாள்கணக்கில் நின்று நரம்பணுக்களைக் கொல்கிறது.

வியட்நாமில் டாம் சாலமன் குழுவினர் இந்தக் குழந்தைகளின் படுக்கையருகே பதிவுசெய்த ஒரு விவரம் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பெரிய வெட்டி இழுப்பு நின்றுவிடும். ஆனால் ஒரு விரல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும், இமையோ உதட்டோரமோ படபடக்கும். பார்ப்பவர்கள் தூங்குவதாக நினைப்பார்கள். மூளையின் மின்பதிவிலோ வலிப்பு ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். நோய் முற்றியவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு நரம்புக் குறைபாடு தங்கிவிடுகிறது.

அதனால் வலிப்பைவிட, வலிப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரமே எனக்கு முக்கியமாகப் படுகிறது. காய்ச்சல் வலிப்புக் குழந்தை அசந்து தூங்கும், எழும், அம்மாவை அடையாளம் கண்டு அழும், பால் கேட்கும். மூளைக்காய்ச்சல் குழந்தை தெளிவதில்லை. வலிப்புக்கு முன்பே மந்தமாக, வாந்தியெடுத்துக்கொண்டு, பேச்சு மாறிப்போய் இருந்திருக்கலாம். ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்குக் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தால் ஜன்னி என்று ஆறுதல் கொள்ளவே கூடாது. முதலுதவி இரண்டுக்கும் ஒன்றுதான்: ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்து வேண்டாம், பல்லிடுக்கில் கரண்டி வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

அழற்சிதான் காரணமென்றால் அதை அடக்கினால் போதாதா என்று கேட்கத் தோன்றும். இரண்டு நோயும் அதற்கு இணங்குவதில்லை. பாராசிட்டமால் காய்ச்சலின் வேதனையைக் குறைக்கும். அடுத்த காய்ச்சலில் வலிப்பு வராமல் காக்கும் என்று நம்ப முடியாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில், அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோன் கொடுத்துப் பார்த்த தாய்லாந்து ஆய்வு 1992-இல் வெளிவந்தது, பலன் தெரியவில்லை. அந்த வைரஸைக் கொல்லும் மருந்தும் கைவசம் இல்லை. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸால் வரும் மூளை அழற்சிக்கு மட்டும் அசைக்ளோவிர் என்ற மருந்து உண்டு. சந்தேகம் வந்த உடனே, சோதனை முடிவுக்குக் காத்திராமல் தொடங்கிவிடுவார்கள்.

மருந்து இல்லாத ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2013 முதல், நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என இரண்டு டோஸ். தமிழ்நாட்டில் விழுப்புரமும் கடலூரும் அத்தகைய மாவட்டங்கள். இதே வயதில்தான் காய்ச்சல் வலிப்பும் அதிகம். கூடவே போடும் தட்டம்மை ருபெல்லா ஊசிக்குப் பிறகு ஏழு முதல் பத்து நாளில் காய்ச்சல் வந்து, அபூர்வமாக ஒரு குழந்தைக்கு வலிப்பும் வரலாம். இதற்குப் பயந்து ஊசியே வேண்டாம் என்று ஒதுங்கும் வீடுகள் உண்டு. ஆனால் தட்டம்மை கண்ட ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளை அழற்சி வருகிறது. முன்பு காய்ச்சல் வலிப்பு வந்திருப்பது இந்த ஊசிகளுக்குத் தடையல்ல. தடுப்பூசி அட்டையில் ஏதாவது டோஸ் விட்டுப்போயிருந்தால், வலிப்பு வந்ததையும் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளலாம்.