ஃபாண்டன்ட் மெருகு

ஐசிங் சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் சேர்த்துப் பிசைந்த சர்க்கரை மாவே உருட்டு ஃபாண்டன்ட். அதைச் சப்பாத்திபோல் தேய்த்து கேக்கின்மேல் போர்த்தி, சுருக்கமும் வெடிப்பும் இல்லாமல் வழவழப்பாக்கும் வேலை மெருகு எனப்படுகிறது.

மெருகின் பாதி வேலை, போர்த்துவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அடியில் ஒரு துணுக்கு துருத்தினாலும் மேலே அப்படியே தெரியும். அதனால் கேக்கின்மேல் பட்டர்கிரீமையோ சாக்லேட் கனாஷையோ பூசி, ஓரங்களைச் செங்குத்தாகச் சீவி, இறுக விடுகிறார்கள். வெயில் காலத்துக்கு இரண்டில் கனாஷே மேல். இறுகினால் எளிதில் இளகாது.

மாவை 3 முதல் 4 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பது வழக்கம். மெலிந்தால் கிழியும். தேய்த்ததைக் காற்றில் விட்டால் காய்ந்து, மேலோரங்களில் நுண்ணிய வெடிப்புகள் கோடு கோடாக ஓடும். யானைத்தோல் என்று இதைச் சொல்வது மிகப் பொருத்தம். வெள்ளை வெஜிடபிள் கொழுப்பைத் துளி விரலில் தொட்டுத் தேய்த்தால் லேசானவை மறையும். போர்த்தியதும் மேற்பரப்பு, மேலோரம், பக்கங்கள் என்ற வரிசையில் படிய வைக்க வேண்டும். பக்கத்தில் விழும் மடிப்பை அழுத்தவே கூடாது. பாவாடை விளிம்பை விரிப்பதுபோல் வெளியே இழுத்து விரித்து, கீழ்நோக்கித் தடவ வேண்டும். காற்றுக் குமிழியை மெல்லிய ஊசியால் சாய்வாகக் குத்தி, ஸ்மூதர் எனும் தட்டைப் பலகையால் நீவுவார்கள்.

சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கேக் வியர்த்துப் பிசுபிசுக்கும்போது தொட்டால் விரல் தடம் பதிந்துவிடும். துடைக்காமல் மின்விசிறிக் காற்றில் உலர விடுவதே வழி.