'மா' என்னும் குடும்பப் பெயர் – சீன முஸ்லிம்களின் வரலாற்றில் ஒரு பக்கம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானில், சீன தேசத்தில் 'மா' என்ற குடும்பப் பெயர் தாங்கியோர் அனைவரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரைச் சுமந்து நிற்கும் முஸ்லிம்களே என்று நாம் கூறிவிட்டோம். தொழுகை முடிந்ததும், வியாபார நிமித்தம் குவாங்சூ நகருக்குப் போய்வரும் மஹல்லாவாசி ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், எனக்குச் சரக்குத் தருகிற மா என்பவர் கடையில் புத்தர் சிலை வைத்திருக்கிறாரே!" என்றார். நாம் திகைத்துப் போனோம். செவிவழிச் செய்தியை ஆராயாமல் மிம்பரில் சொன்னது நமது தவறே. அதன் பின் படித்து அறிந்தவற்றை இங்கு எழுதுகிறோம்.

சீன மொழியில் 'மா' என்றால் குதிரை. இப்பெயர் இஸ்லாத்துக்கு மிகவும் முந்தியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சாவ் நாட்டுத் தளபதி சாவ் ஷே என்பவர் 'மாஃபு பிரபு' என்ற பட்டம் பெற்றார். அவர் வழிவந்தோர் மாஃபு என்றும், பின்னர் சுருக்கி மா என்றும் அழைக்கப்பட்டனர் என்பது சீனர்களின் வமிச வரலாறு. கி.பி. 49இல் மறைந்த புகழ்பெற்ற ஹான் தளபதி மா யுவான் இப்பெயருடையவர்தாம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிறந்ததோ 6ஆம் நூற்றாண்டில்!

அப்படியாயின் முஸ்லிம்களிடம் இப்பெயர் பெருகியது எவ்வாறு? மங்கோலியரின் யுவான் ஆட்சியில் மத்திய ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்த முஸ்லிம்கள் அதிகாரிகளாகவும் படைவீரர்களாகவும் கைவினைஞர்களாகவும் சீனமெங்கும் குடியேறினர். 1368இல் மிங் ஆட்சி ஏற்பட்டதும் அந்நிய உடையும் அந்நிய மொழியும் அந்நியப் பெயர்களும் தடைசெய்யப்பட்டன. பெயரை விட மனமின்றி, ஆணையை மீறவும் இயலாமல், அம்மக்கள் தம் பெயரின் ஓர் ஒலியை மட்டும் எடுத்துச் சீனப் பெயராக்கிக் கொண்டனர். முஹம்மத் என்ற பெயரை அக்காலச் சீனர் 'மாஹமா' என்று எழுதினர். அதன் முதல் எழுத்தே 'மா'. முன்பே நாடெங்கும் பரவியிருந்த பெயராதலால் அது எவர் கண்ணையும் உறுத்தவில்லை.

ஹஸன் என்பது 'ஹா' ஆனது. யுன்னான் மாகாணத்தை ஆண்டு 1279இல் மறைந்த ஸையித் அஜல் ஷம்ஸுத்தீன் உமர் அவர்களின் புதல்வர் நஸீருத்தீன். அவர் பெயரே 'நா', 'சு', 'லா', 'திங்' என நான்காகப் பிரிந்து நான்கு குடும்பப் பெயர்களானதாக அங்கே கூறுவர்.

பத்து ஹுய் முஸ்லிம்களில் ஒன்பது பேர் 'மா' என்று சீனத்தில் ஒரு சொல்வழக்கு உண்டு. அது மிகைதான். எனினும் நிங்சியா, கான்சு, சிங்ஹாய் ஆகிய வடமேற்குப் பகுதிகளில் இப்பெயரின் செறிவு வியப்பளிக்கிறது. துங்சியாங் இன முஸ்லிம்களிடமும் இது பெருவழக்கு. ஆயினும் கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஹுய் மக்கள் சுமார் 1 கோடியே 14 லட்சம். 'மா' என்ற பெயருடையோரோ சீனத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஹுய் மக்கள் ஒருவர் விடாமல் மா என்றே வைத்துக்கொண்டாலும் பல லட்சம் பேர் மிஞ்சுவர். ஹுய் முஸ்லிம் ஒருவர் 'மா' ஆக இருக்க வாய்ப்பு மிகுதி. 'மா' ஒருவர் முஸ்லிமாக இருப்பார் என்பது அதைக்கொண்டு பெறப்படாது. நாம் பயானில் தவறியது இவ்விடத்தில்தான்.

(நம் நிக்காஹ் பதிவேட்டிலும் ஒரே தெருவில் நான்கு அப்துல் காதர்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே பிரித்துக் காட்டுகிறது. சீனத்திலோ குடும்பப் பெயர் முன்னே நின்று தலைமுறைதோறும் தொடர்கிறது.)

இப்பெயருடையோரில் உலகம் அறிந்தவர் மா ஹே. 1371இல் யுன்னானில் பிறந்தவர். இவருடைய தந்தையையும் பாட்டனாரையும் 'ஹாஜி' என்றே குடும்பக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. பேரரசர் யுங்லோ 1404இல் 'செங்' என்ற குடும்பப் பெயரை வழங்கவே, இவர் செங் ஹே எனப்பட்டார். 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள் நடத்திய பெரும் கடற்படைத் தளபதி இவரே. 1409ஆம் ஆண்டிட்டு இவர் கொண்டுவந்த கல்வெட்டு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளிலும் பொறிக்கப்பட்டது. இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட அக்கல், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவருடன் சென்ற மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான் கள்ளிக்கோட்டையையும் மக்காவையும் பற்றி நூல் எழுதினார். அண்மைக் காலத்தவரான மா ஜியான் (1906–1978) அல்அஸ்ஹரில் பயின்று திருக்குர்ஆனைச் சீனத்தில் பெயர்த்தார். முழுமையான பதிப்பு அவர் மறைவுக்குப் பின் 1981இல் வெளிவந்தது.

நெஞ்சைத் தைப்பது 'திங்' குடும்பத்தாரின் நிலையே. அரபு வணிகர் ஸைத்தூன் என்றழைத்த சுவான்சூ துறைமுகத்தின் அருகே சென்தாய் என்னும் ஊரில் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றனர். ஸையித் அஜல் வழியினர் என்று உரிமை கொண்டாடுவோர். 1979இல் அரசு இவர்களை ஹுய் இனத்தாராக ஏற்றது. ஆனால் மிகப் பெரும்பாலோரிடம் பல தலைமுறைகளாகத் தொழுகையில்லை, நோன்பில்லை. முன்னோருக்குப் படையலிடுகின்றனர், அப்படையலில் பன்றி இறைச்சியை மட்டும் விலக்கி வந்துள்ளனர்! ஏன் என்று கேட்டால், முன்னோர் முஸ்லிம்களாயிற்றே என்பர். பெயரின் கடைசி ஓரெழுத்தும் இந்த ஒரு விலக்கலுமே எஞ்சின.

வடமேற்கில் நிலை வேறு. அங்கே பிறக்கும் குழந்தைக்குச் சீனப் பெயருடன், அஹுங் எனப்படும் இமாம் அரபிப் பெயரொன்றும் சூட்டும் வழக்கம் உண்டு. அதற்கு 'வேதப் பெயர்' என்பர். அரசுப் பதிவேட்டில் அது ஏறாது. வீட்டிலும் பள்ளிவாசலிலும் மட்டுமே வழங்கும். அடுத்த முறை குவாங்சூ செல்லும் அன்பர்கள், 'மா' என்பவரைச் சந்தித்தால் அந்த இரண்டாவது பெயர் அவருக்கு உண்டா என்று கேட்டறிந்து வந்து நம்மிடம் சொல்வார்களாக.