நெய்யூர் முதல் திருவனந்தபுரம் வரை: வாய்ப்புற்றுநோய்த் தடுப்பும் முன்கண்டறிதலும் (1908–2005)

முன்னுரை

கருவியின் துணையின்றிக் கண்ணால் காணத்தக்க புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோய் குறிப்பிடத்தக்கது. தென்திருவிதாங்கூரில் அதற்கும் வெற்றிலை போடும் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பு 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எடுத்துரைக்கப்பட்டது. எனினும், வாயைச் சோதித்து இறப்பைக் குறைக்கலாம் என்பதற்குக் களச்சான்று 2005இல்தான் கிட்டியது. இந்நீண்ட இடைவெளியின் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

நெய்யூர் மருத்துவப் பதிவுகள்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கம் மருத்துவமனை ஒன்றை நடத்தியது. அங்குப் பணியாற்றிய பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகள் பற்றிய தொகுப்புரையை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். 1933இல் ஐ. எம். ஆர் என்னும் மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றுநோய் குறித்து லான்செட் இதழில் எழுதினார். வெற்றிலைக் கவளத்தை அடக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறமும் ஈற்றோரமுமே இந்நோய் மிகுதியாகத் தோன்றும் இடங்களாகும்.

பாக்கு பற்றிய ஐயம்

கவளத்தில் குற்றம் புகையிலையுடையதா, பாக்குடையதா என்ற வினா நெடுங்காலம் தீராதிருந்தது. இந்தியாவில் இரண்டையும் சேர்த்து மெல்லுவோரே மிகுதி என்பதால் அவற்றின் விளைவுகளைப் பிரித்தறிதல் அரிதாயிற்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் புகையிலை சேர்ந்த கவளத்தை மட்டுமே புற்றுநோய்க் காரணியாக உறுதிசெய்தது. புகையிலை சேர்க்காமல் பாக்கு மெல்லும் தைவானில் நிகழ்ந்த ஆய்வுகள் முதலியவற்றின் துணையால், 2004இல் பாக்கும் அப்பட்டியலில் இடம்பெற்றது. மங்கலப் பொருளாக மதிக்கப்பெறும் பாக்கின்மீது இத்தீர்ப்பு வர மேலும் பல்லாண்டுகள் கடந்திருந்தன.

வலியற்ற அறிகுறிகள்

வாயின் உட்சவ்வில் தோன்றும் வெண்படலம், செம்படலம், சவ்வு இறுகி வாய்திறப்புக் குறுகுதல் ஆகியவை புற்றுக்கு முந்தைய நிலைகளாக அமையக்கூடும். வெண்படலம் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே அதனை உடையவர் மருத்துவரை நாடுவதுமில்லை. மருத்துவமனைப் பதிவுகளில் முற்றிய நோயே மிகுந்து காணப்பட்டதற்கு இதுவே காரணம்.

இக்குறையைப் போக்க, நோயாளி வரும்வரை காத்திராமல் அவரது இல்லத்துக்கே செல்லவேண்டியிருந்தது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வு அதனைச் செய்தது. 13 ஊராட்சிகளுள் 7இல், பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயை மூன்றாண்டுக்கு ஒருமுறை சோதித்தனர். ஐயத்துக்குரியோர் மருத்துவரிடம் அனுப்பப்பட்டனர். புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்ததென 2005இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மக்கள்தொகை முழுமைக்கும் கண்ட குறைவு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. எனவே இச்சோதனை முதற்கண் சென்றடையவேண்டியவர் இப்பழக்கமுடையோரே.

முடிவுரை

நெய்யூர் மருத்துவர்கள் தம்மை நாடி வந்தோரைக் கண்டனர். திருவனந்தபுரம் ஆய்வாளர்கள் வாராதோரைத் தேடிச் சென்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட எழுபதாண்டுத் தாழ்வுக்கு மருத்துவக் கருவியின்மை காரணமன்று. வலியில்லாதவரை நோக்கிச் செல்லும் ஏற்பாடு அமையாமையே முதன்மைக் காரணம். பழக்கத்தைக் கைவிடச் செய்வதும், கைவிடாதோரின் வாயைக் காலமுறைப்படி சோதிப்பதும் இணைந்து நிகழவேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.